நாலு தரம், பத்து யார்

ஞாயிறு மத்தியானங்களில் கனடாவில் ரொக்ஸ்பரோவிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வருவார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "மாமா" என்று கூப்பிட்டு, என் பக்கத்தில் இருந்து அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பார். எனக்கு பிரெஞ்சு வராது. அவருக்குத் தமிழ் வராது. எங்கள் இருவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று விளங்காது. விரலால் கதைப்போம்: இது இரண்டாம் தரம், இது மூன்றாம் தரம். அவர் மத்தியூ, என் மகள் ஜெனியின் கணவர். ஜெனி போன மாரியில் புற்றுநோயால் செத்துப்போனாள்.

இந்த விளையாட்டை எனக்கு விளங்கப்படுத்தியவள் அவள்தான். யாழ்ப்பாணத்தில் நான் விளையாடியது உதைபந்தாட்டம். இங்கே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிறார்கள். வைத்தியம் முடிந்து வந்து, போர்வைக்குள் சுருண்டபடி ஜெனி சொன்னாள்:

"பத்து யார் தூரம் முன்னுக்குப் போகவேணும், அப்பா. அதுக்கு நாலு தரம் விடுவினம். போனால் திரும்பவும் நாலு தரம். இல்லாட்டி பந்து மற்றப் பக்கத்துக்கு."

"கனடாவிலையும் அப்பிடியோ?"

"இங்கை மூண்டு தரந்தான்."

"இங்கை வந்தும் எங்களுக்குக் குறைச்சல்தானோ" என்றேன். சிரித்தாள். சிரிக்க நோவும் வந்தது. மத்தியூ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் அவர் என்னைப் பார்த்து, "ஜு பார், மாமா" என்று பிரெஞ்சில் சொன்னார். பந்து கைமாறியதைச் சொல்கிறாராக்கும் என்று, "ஓம், ஓம், நல்ல ஆட்டம்" என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு பிரெஞ்சில் இன்னும் ஏதோ சொன்னார். கார்தெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்து பிரெஞ்சு பழகிய என் மனைவி, தேத்தண்ணியோடு அப்படியே நின்றாள்.

"ஆட்டத்தைச் சொல்லேல்லை அவர். அவ்வளவு தூரத்துக்கு, கல்கரிக்குப் போறாராம். அவள் இல்லாத வீட்டிலை இருக்க ஏலாதாம்."

அவருடைய கையைப் பிடித்தேன். ஆட்டம் எப்படி முடிந்ததென்று தெரியாது.

வாசலில் மத்தியூ, "வாறன், மாமா" என்றார். எங்கள் ஆட்கள் 'போறன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை என்று ஜெனி பழக்கியிருக்கிறாள். "போட்டு வாங்கோ, தம்பி" என்றேன்.

முன்பெல்லாம், வயது போனதும் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நானும் மனைவியும் கதைப்போம். இப்போது கதைப்பதில்லை. அங்கே சேமக்காலைக் கல்லறையில் என் அப்பாவும் அம்மாவும் வெயிலில் கிடக்கிறார்கள். இங்கே பிள்ளை பனிக்குக் கீழே.