ஆயிரம் பூட்டுப் படங்கள்

மனைவியின் போனைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என்னை நிறுத்த ஆள் இல்லை. அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

அரக்கோணத்தில் கோமதியின் சித்தி மகளுக்கு வளைகாப்பு. கோவில்பதாகையிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம். தெரு முனை ஆட்டோ குமார் ஆவடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். ரயிலில் ஜன்னலோர சீட். கோமதியின் மடியில் பை, பைக்குள் இரண்டு டஜன் கண்ணாடி வளையல்.

"ஏங்க, ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு வந்துக்கிட்டே இருக்கு. காலைல ரெண்டு படம் எடுக்கறதுக்கே தகராறு பண்ணுச்சு. வளைகாப்புக்குப் படம் எடுக்கணும், கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்று போனை நீட்டினாள்.

இந்த மாதிரி வேலை என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வீட்டில் வேறு எதற்கும் லாயக்கில்லை என்று பெயர் வாங்கியவனுக்கு இதில்தானே மரியாதை!

முதலில் வாட்ஸ்அப். அப்பப்பா... எத்தனை ரோஜாப்பூ, எத்தனை காலை வணக்கம்! எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் தண்ணி லாரி வந்ததற்கு ஒரு வீடியோ, போனதற்கு ஒரு வீடியோ. ஒரே கல்யாணப் பத்திரிகை நாலு பேர் அனுப்பி நாலு தடவை. எல்லாவற்றையும் தூக்கினேன்.

அடுத்து கேலரி. அங்கேதான் கண்ணைக் கட்டியது.

ஒரு பூட்டு. எங்கள் வீட்டு வாசல் பூட்டுதான். அடுத்த படம் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு. மறுபடி பூட்டு. மறுபடி அடுப்பு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஆயிரத்துக்கும் மேல்! மழையில் நனைந்த பூட்டு, பொங்கலன்று மஞ்சள் பூசிய பூட்டு, பால் வழிந்த அடுப்பு, துடைத்த அடுப்பு. கடைசியில், அதாவது எல்லாவற்றுக்கும் முதலில், அடி கருகிப்போன ஒரு பால் பாத்திரம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரில் எல்லோரும் குழந்தையைப் படம் எடுப்பார்கள், கோவில் கோபுரத்தைப் படம் எடுப்பார்கள். இவள் அடுப்பின் திருகைப் படம் எடுத்து வைத்திருக்கிறாளே என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்தது போய் உட்காரும் குப்பைத் தொட்டியையும் மறக்காமல் காலி செய்தேன். அதுதானே திறமை?

"மூணு ஜிபி மிச்சம் பண்ணிட்டேன்!" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

திருநின்றவூர் தாண்டியிருக்கும். கோமதி போனைத் திறந்து எதையோ தேடினாள். மறுபடி தேடினாள். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னிக்கு எடுத்தது எங்கங்க?"

"எது?"

"கதவும் அடுப்பும்..."

"அந்தக் கண்றாவியையா? எல்லாத்தையும் தூக்கிட்டேனே."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். பைக்குள் வளையல்கள் கலகலவென்று ஆடின.

"இறங்கிடலாங்க. வீட்டுக்குப் போகணும்."

"என்ன பேசற நீ? நீ பூட்டினதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேனே!"

"அடுப்பைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் எதற்கு அடுப்பைப் பார்க்கப் போகிறேன்?

"அணைச்சிருப்ப, கோமதி."

"அன்னிக்கும் அணைச்சேன்னுதான் நினைச்சேன்" என்றாள்.

எதிர் வீட்டுக்காரர்களைப் பார்க்கச் சொல்லலாம் என்றால் சாவி எங்கள் பையில். திருவள்ளூரில் இறங்கினோம். ஆவடி வண்டிக்காகக் காத்திருந்த நேரம் முழுக்க அவள் தண்டவாளத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை.

ஆவடியில் அதே ஆட்டோ குமார்.

"இன்னா சார், இப்பதானே உட்டுட்டு வந்தேன்? அதுக்குள்ள வந்துட்டீங்க? ஊட்டுல எதுனா மறந்துட்டீங்களா?"

"சீக்கிரம் போப்பா" என்றாள் கோமதி. குமார் வண்டியை முறுக்கினார்.

வீடு பத்திரமாக இருந்தது. பூட்டு பூட்டியபடி. அடுப்பு அணைத்தபடி. கோமதி திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து அடுப்பை ஒரு படம் எடுத்தாள். இப்போது அதில் இடம் நிறைய இருந்தது.

"என்னம்மா இது? எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பால் பாத்திரம் கருகின மறுநாள்லேர்ந்து. வீட்டையே கொளுத்தப் பார்த்தியேன்னு கத்தினீங்களே... எனக்கு அணைச்ச மாதிரி நல்லா ஞாபகம் இருந்துச்சுங்க. அதுவே பொய்யின்னா, அப்புறம் என்னை நானே எப்படி நம்பறது? அதான் படம். ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்துக்குவேன்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறாள் கோமதி. எந்த ரேக்கில் எந்த போல்ட் எத்தனை கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவளா தன் கையை நம்பாமல் ரெண்டு வருஷமாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நான் உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாகவே தெரியும். இருவரும் பைக்கில் ஒன்றாகக் கிளம்ப வேண்டிய காலை. கோமதி புடவை கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டாவது காபி வேண்டும் போலிருந்தது. நானே அடுப்பைப் பற்றவைத்துப் பாலை சிம்மில் வைத்தேன். ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனேன், "நேரமாச்சுங்க" என்று அவள் வந்தாள், பூட்டினாள், கிளம்பிவிட்டோம். சமையலறை ஜன்னலில் புகை என்று எதிர் வீட்டிலிருந்து போன் வந்த பிறகுதான் பாதி வழியில் திரும்பினோம்.

கதவைத் திறந்ததும் கத்த ஆரம்பித்தேன். நான் அடுப்புப் பக்கமே போகாதவன் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. பாதிக் கத்தலில் எனக்கு அந்தக் காபி ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்ய? அவ்வளவு சத்தம் போட்ட பிறகு எந்த முகத்தோடு நிறுத்துவது? மீதியையும் கத்தி முடித்தேன். வெட்கமாக இருக்கிறது, அதுதான் உண்மை.

ஒரு வாரத்தில் நான் அதை மறந்துவிட்டேன். நம் தலைக்குள் வேண்டாததை அழிக்கிற வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது, பார்த்தீர்களா? எனக்கு மட்டும் இடம் காலியானது. அவளுக்குத் தினமும் இரண்டு படமாக நிரம்பிக்கொண்டே போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையாவது சொல்லியிருக்கலாம். அடுப்புக்கும் எனக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன்... "சரி விடு, வளையலைக் கூரியர்ல அனுப்பிடலாம்" என்றுதான் வந்தது.

பத்திரிகைக்கு வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை, எழுதியதும் முதலில் கோமதியிடம்தான் கொடுப்பேன், பிழை பார்க்க. இத்தனை வருஷமாக அதுதான் வழக்கம். இந்த வாரம் கொடுக்கவில்லை, நேராகப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். கொடுத்தால், அவள் படிப்பதற்குள் கடைசி வரியை நானே அழித்துவிடுவேன் என்று பயம்.

கோமதி, அன்றைக்கு நீ அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தாய்.