நான் தப்பாகக் கடித்த நாள்

என் பல்லெல்லாம் விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. யாரோடு பேசினாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். அப்போதுதான் பல் டாக்டருக்குக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் ஹாஸ்டலில் இருந்து போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அத்தை, ஒருத்தருக்கு முழு பல்செட்டு கட்டிக் காட்டணும். ஆளையும் நாங்களேதான் புடிச்சுக்கினு வரணும். நான் புடிச்ச பெரியவரு பாதியில வரமாட்டேன்னுட்டாரு. சார் கையெழுத்து போடலன்னா பரீட்சை எழுத முடியாது. நீ வர்றியா?"

"அத்தினி பேரு எதிர்ல வாயைத் தொறக்கணுமா?"

"கண்ணை மூடிக்கோ. நான் மட்டும் இருக்கேன்னு நெனைச்சுக்கோ."

எங்கள் ஊர் வல்லத்தில் ஏறி, செஞ்சியில் பஸ் மாறி அவள் காலேஜுக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டாப்பிங்கில் நின்றிருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும். சாப்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். பொய் என்று தெரியும். முதல் இரண்டு தடவை, மாவு நிரப்பிய சின்னத் தட்டை என் ஈறில் அழுத்தி அளவெடுத்தாள்.

மூன்றாம் தடவை, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிச் சேருகிறது என்று பார்க்க மெழுகைக் கடிக்கச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து சார் வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தார். கூச்சத்தில் தாடையை முன்னால் தள்ளிக் கடித்துவிட்டேன்.

"எப்பவும் இப்படித்தான் கடிப்பீங்களாம்மா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்தால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே இல்லை. எல்லார் எதிரிலும் சார் கேட்டார்: "நாலு வருஷமா என்னம்மா படிச்சே? திரும்ப எடு." அவள் "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். நான் வாயில் மெழுகோடு கிடந்தேன்.

ஸ்டாப்பிங்குக்கு வந்ததும் சொன்னேன். "நான்தான்டி தள்ளிக் கடிச்சேன்."

"தெரியும் அத்தை."

"அங்கயே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அடுத்த பஸ்ஸுல ஊருக்கு ஓடிடுவே. அப்புறம் நான் எந்தப் பொக்கைவாயைத் தேடுவேன்?"

மறு தடவை என் மோவாயைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள். "நாக்கை மேல மடிச்சுப் பின்னாடி கொண்டுபோ. அப்படியே மெதுவா கடி." சரியாக வந்தது. பல்செட்டு மாட்டிய அன்றைக்கு சார் அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டார். நோட்டை மார்போடு வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "பசிக்குது அத்தை" என்றாள். ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம்.

அந்தக் கையெழுத்தால்தான் பரீட்சை எழுதி, பாஸாகி, தூர ஊருக்கு வேலைக்குப் போனாள். நல்ல நாளுக்குக்கூட லீவு கிடைப்பதில்லை. போனில், "பல்லு எப்படியிருக்குது அத்தை?" என்பாள். நல்லா இருக்குது என்பேன்.

கீழ்செட்டு ஆடுகிறது. வேர்க்கடலை மென்றால் உறுத்துகிறது. செஞ்சியிலேயே பல் டாக்டர் இருக்கிறார், நான் போகவில்லை. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் நாக்கு தானாக மேலே மடிகிறது, மோவாயில் அவள் விரல் இருக்கிற மாதிரி. ஆடுதுன்னு ஒரு வார்த்தை சொன்னால் எப்படியாவது லீவு போட்டு வருவாள். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.