முதல் சீலம் சொல்லாத வாய்

என் மகள் செல்வி பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் நின்றேன். போன தை மாதம். அமாவாசைக் கூட்டம் ராமேஸ்வரத்திலிருந்து கலைந்து போய்க்கொண்டிருந்த நேரம். அன்று எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. எழுத வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டதை விட்டுவிட்டு எழுதினால் இது சாட்சி ஆகாது.

என் பெயர் முனியசாமி. தொண்டிக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். நண்டு வலை விடுகிறேன். நானும் என் மனைவி பாக்கியமும் புத்தரைச் சரணடைந்து சில வருடம் ஆகிறது. பௌர்ணமி தவறாமல் ராமநாதபுரத்தில் நம் தகரக் கொட்டகை விகாரைக்கு வந்துவிடுவோம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பின்வரிசையில் சுவரோரம் உட்காருகிறவன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எல்லோரும் சேர்ந்து பஞ்சசீலம் சொல்லும்போது முதல் சீலத்துக்கு நான் வாயை மூடிக்கொள்வேன். உயிரைக் கொல்வதிலிருந்து விலகி இருப்பேன் என்ற வரி அது. இரண்டாவதிலிருந்துதான் என் குரல் சேரும்.

விடிந்தால் கடலுக்குப் போகிறவன் நான். வலையில் வருவதெல்லாம் உயிர். வேறு தொழில் தெரியாது. கொத்து வேலைக்குப் போய்ப் பார்த்தேன். சாரத்தில் தலை சுற்றியது. திரும்பி வந்துவிட்டேன். இத்தனை குரலில் ஒரு குரல் குறைவது யாருக்குத் தெரியப் போகிறது என்று இருந்தேன். ஒவ்வொரு பௌர்ணமியும் தலையைக் குனிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

என்னோடு வள்ளத்தில் வருபவர் அந்தோணி அண்ணன். காரங்காட்டுக்காரர். மாதா கோவிலுக்குப் போகிறவர். கடலில் அவருக்கு நான்தான் பொழுதுபோக்கு.

"ஏலே முனியா, ஒங்க சாமி மீனப் புடிக்காதங்குது. எங்க சாமி மீன் புடிச்சவனாப் பாத்துத்தான் கூப்புட்டுச்சு. நீ வழி மாறிப் போயிட்டேலே" என்பார்.

"பேசாம வலையப் புடிங்கண்ணே" என்பேன். சிரித்துக்கொள்வேன். உள்ளே குத்தும்.

அன்று காலையில் வலை எடுத்தோம். சினை நண்டு நிறைய வந்தது. வயிற்றுக்கு அடியில் முட்டையை அப்பிக்கொண்டு வரும் பெட்டை நண்டு. அதைத் திருப்பிக் கடலில் விட வேண்டும் என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் விடுவதில்லை. நானும் விட்டதில்லை.

ஒரு நண்டு பெரிதாக இருந்தது. முட்டை கறுத்திருந்தது. கறுத்துவிட்டால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தோணி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இது இன்னைக்கோ நாளைக்கோ பெத்துரும்லே. ஒம் மக மாதிரி" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். செல்வி நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். மருமகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் நண்டின் கொடுக்கை ஒடித்துக் கூடையில் போட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்து எடுப்பதற்குள் இரண்டு தரம் அடித்து நின்றது. பாக்கியம்தான்.

"செல்விக்குக் கை காலெல்லாம் வெட்டி இழுக்குது. பேச்சில்ல. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நீங்க நேரா அங்கன வந்துருங்க."

அந்தோணி அண்ணன் மிச்ச வலையைக் கடலில் அப்படியே விட்டுவிட்டு வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். நான் கைலி மாற்றவில்லை. அப்படியே பஸ் ஏறினேன்.

பிரசவ வார்டு வாசலில் கூட்டம். நான் போய் நின்றதும் பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து கொண்டார்கள். என் உடம்பு முழுக்க நண்டு நாற்றம். விரல் இடுக்கில் ஓட்டுச் சில்லு ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு முஸ்லிம் அம்மா மட்டும் நகரவில்லை. ஏர்வாடிக்காரர். அவர் மகளும் உள்ளே இருந்தாள்.

"தம்பி, இங்கன உக்காருங்க. நண்டு வாடை எங்களுக்கு என்ன புதுசா?" என்றார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்திருக்கிறது, உடனே ஆபரேசன் செய்ய வேண்டும் என்றார். "ரெண்டு உயிருக்கும் இப்ப நான் எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது.

எனக்கு அழுகை வரவில்லை. ஒடித்த கொடுக்குதான் கண்ணுக்குள் நின்றது. இது அதற்கான கூலி என்று நினைத்தேன். யாரிடம் போய் என்ன கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறது?

பாக்கியம் என் தோளை உலுக்கினாள். "பந்தேக்குப் போனைப் போடுங்க. அங்குலிமாலர் பரித்தம் ஓதச் சொல்லுங்க."

அங்குலிமாலரை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் முன்னே கொலைகாரர். கொன்றவர்களின் விரலை மாலையாகப் போட்டவர். புத்தரையும் கொல்ல ஓடினார். புத்தர் நடந்துதான் போனார். இவர் ஓடியும் பிடிக்க முடியவில்லை. நில் என்று கத்தினார். நான் எப்போதோ நின்றுவிட்டேன், நீதான் இன்னும் நிற்கவில்லை என்றார் புத்தர். அந்த இடத்திலேயே அவர் மனம் மாறிப் பிக்கு ஆனார். பிறகு ஒரு நாள் பிச்சைக்குப் போன ஊரில் ஒரு பெண் பிரசவ வேதனையில் துடிப்பதைப் பார்த்து, புத்தரிடம் வந்து சொன்னார். பிறந்ததிலிருந்து நான் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, இந்த உண்மையால் நீ நலமாக இரு என்று அவளிடம் போய்ச் சொல் என்றார் புத்தர். ஐயா, அது பொய்யாகிவிடுமே என்றார் இவர். அப்படியானால் தம்மத்தில் பிறந்ததிலிருந்து, அதாவது பிக்கு ஆனதிலிருந்து, என்று சொல் என்றார் புத்தர். இவர் போய்ச் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதனால்தான் பிள்ளைத்தாச்சிகளுக்கு அந்த வாக்கைப் பரித்தமாக, காப்பாக, ஓதுகிறோம்.

பந்தே, நம் விகாரையின் பிக்கு, அன்று வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். பஸ் இரைச்சலுக்குள் அவர் குரல் கேட்டது. விவரத்தைச் சொன்னேன்.

"பந்தே, புத்தர்கிட்டக் கேளுங்க. எம் மகளக் காப்பாத்தச் சொல்லுங்க" என்றேன்.

பந்தே சொன்னார். "நான் ஓதுறேன், முனியசாமி. நீங்க சும்மா நிக்காதீங்க. அங்குலிமாலர் தன்னைப் பத்தி ஒரு உண்மையைச் சொன்னார். அவ்வளவுதான். அவளைப் பெத்தவர் நீங்க. உங்ககிட்ட இருக்கிற உண்மையை நீங்க சொல்லுங்க. நல்லா இருக்கணும்னு இல்ல. பொய் கலக்கக் கூடாது."

போனிலேயே ஓதத் தொடங்கிவிட்டார்.

நான் தேடினேன். கொன்றதில்லை என்று சொல்ல முடியாது. அன்று காலைகூடக் கொன்றிருக்கிறேன். குடித்ததில்லை என்று சொல்ல முடியாது. விட்டேன், நடுவில் மறுபடி விழுந்தேன். பொய் சொன்னதில்லை என்றால் அதுவே பொய். கொலைகாரராக இருந்தவருக்குக்கூடச் சொல்ல ஓர் உண்மை இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

"சொல்லுங்க" என்றாள் பாக்கியம்.

"எங்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு?"

"முத வரிக்கு வாய மூடிக்கிருவீகள்ல. அதச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான ஒக்காந்திருக்கேன். எனக்கென்ன காது இல்லையா?"

நான் எழுந்தேன். கையை முன்னால் கொண்டுவந்து கும்பிட்டேன். அந்த வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் உயிரைக் கொல்றவன். இன்னைக்குக் காலையில ஒரு சினை நண்டைக் கொன்னேன். கொல்ல மாட்டேன்னு புத்தர் முன்னால நான் ஒரு நாளும் சொன்னதில்ல. சொன்னாப் பொய்யாப் போகும்னு வாய மூடிக்கிட்டேன். எங்கிட்ட இருக்கிற உண்மை இது ஒண்ணுதான். இந்த உண்மையால எம் மகளும் அவ பிள்ளையும் நல்லா இருக்கட்டும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு கூச்சம் நான் பட்டதில்லை. துணியில்லாமல் நின்றது போல இருந்தது. ஏர்வாடி அம்மா மட்டும் இரு கையையும் ஏந்தி "ஆமீன்" என்றார்.

உடனே கதவு திறக்கவில்லை. வெகுநேரம் ஆனது. நர்சு வந்து பெண் குழந்தை என்றார். பிள்ளை அழுதுவிட்டது, தாய்க்குத்தான் இன்னும் நினைவு வரவில்லை என்றார்.

மூன்றாம் நாள் செல்வி கண்ணைத் திறந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உதட்டை அசைத்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அய்யா, நண்டு நாறுது" என்றாள்.

அப்போதுதான் அழுதேன்.

டாக்டரம்மாவும் நர்சுகளும் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர்கள் கையும் கருவியும் வேலை செய்த நேரத்தில் என் உண்மையும் வேலை செய்தது. இது என் நம்பிக்கை. யார் என்ன சொன்னாலும் மாறாது.

அடுத்த பௌர்ணமிக்கு வந்தபோது பந்தேயிடம் கேட்டேன். "அப்ப நான் வாய மூடுனது சரிதான பந்தே?"

"சரின்னு யார் சொன்னா? உண்மை சொன்னீங்க, அது நல்லது. நண்டு செத்தது செத்ததுதான்" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். "வெக்கமா இருக்கு பந்தே."

"இருக்கட்டும். வெட்கம் மனுசனுக்குக் காவல்னு புத்தர் சொல்லியிருக்கார். அதைத் தொலைச்சிராதீங்க. பௌர்ணமி ஒரு நாள் கடலுக்குப் போகாம இருக்க முடியுமா உங்களால?"

முடியும் என்றேன்.

"அப்ப அந்த ஒரு நாளுக்கு முதல் சீலத்தைச் சொல்லுங்க. அது பொய் ஆகாது."

இப்போது பௌர்ணமி அன்று நான் கடலுக்குப் போவதில்லை. மற்ற நாளில் போகிறேன். சினை நண்டு வந்தால் வலையிலிருந்து பிரித்துக் கடலில் விட்டுவிடுகிறேன். முதல் தரம் விட்டபோது அந்தோணி அண்ணன் கத்தினார். "ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா? என்னலே செய்யுற?"

"இதுவும் புள்ளத்தாச்சிதாண்ணே" என்றேன்.

அவர் வலையைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த சினை நண்டையும் தண்ணீரில் போட்டார். "எங்க மாதாவும் புள்ளத்தாச்சியா எடம் தேடி அலைஞ்சவதாம்லே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வெட்கம் போகவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் வலையைத் தொடும்போது கை கூசுகிறது. கூசட்டும். கடனே என்று கூசாமல் செய்த காலம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வைகாசிப் பௌர்ணமிக்குப் பேத்தியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். சீலம் சொல்லத் தொடங்கினார்கள். முதல் வரிக்கே வாயைத் திறந்தேன். பாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் என் பக்கம் சாய்த்தாள்.

என்னைப் போலப் பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். துன்பம் வந்தால், நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று ஒதுங்கிவிடாதீர்கள். நல்ல உண்மை கையில் இல்லாவிட்டால் வெட்கப்படும் உண்மையைக் கொண்டுவாருங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். நாற்றத்தோடு வந்தாலும் யாரும் நகர்ந்து உட்காராத இடம் இது.