ஐயர் போன பிறகு வந்த மகன்

கண்டியில் நான் ஊழியம் செய்த அந்த ஆண்டுகளை நினைத்தால் முதலில் பனிதான் வருகிறது. ஏரியின் மேல் அது கலையும் முன்பே, திங்கட்கிழமை ரயிலைப் பிடிக்க நான் இறங்கி நடந்துகொண்டிருப்பேன். வாரத்தில் எனக்கென்று கிடைத்த ஓய்வு நாள் அது ஒன்றுதான். அதை நாவலப்பிட்டியில், அக்கா வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவுக்குக் கொடுத்தேன். என் மனைவிக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

“ஆறு நாளு சபைக்கு ஐயர், ஒரு நாளு அவருக்கு மகன். இந்தப் புள்ளைங்களுக்கு என்னைக்குத்தான் அப்பா?” என்று கேட்டுக்கொண்டே இடியப்பப் பொட்டலத்தைக் கையில் திணிப்பாள். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்பார்கள். வீட்டில் அவள் அப்படிச் சொன்னால் சண்டைக்கு இழுக்கிறாள் என்று அர்த்தம். நான் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பேராதனையில் வண்டி மாறி உட்கார்ந்ததும் கண் சொக்கும். மகாவலி தெரியும், மறையும், மறுபடி தெரியும். அந்த அரைத்தூக்கத்தில், வாரமெல்லாம் நான் பார்த்த நோயாளிகள் ஒரே முகமாகிவிடுவார்கள். கலஹாத் தேயிலைத் தோட்டத்துக் காய்ச்சல்காரரும் ஆஸ்பத்திரிக் கிழவியும் எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஒரே குரலில் ஆமென் சொல்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை அந்தத் தூக்கம் கலையாமலே அப்பாவின் அறைக்குள் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “எத்தனை நாளா முடியல?” என்று கேட்டேன். சங்கீதம் வாசித்தேன். நெற்றியில் கைவைத்து, “ஆண்டவரே, இந்தப் பெரியவருக்கு ஆறுதல் தாரும்” என்று ஜெபித்தேன். வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தும் விட்டேன். எந்த வீட்டிலும் கால்மணி நேரத்தில் முடிக்கிற வேலை.

அப்பா கண்ணைத் திறந்தார்.

“ரொம்ப நன்றிங்க ஐயரே. வெளிய என் மகன் நிப்பான். அவனைக் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுங்க.”

ஆள் தெரியவில்லையோ என்று பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் சிரிப்பு. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வெளியே போய், குருவானவர்கள் அணியும் அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தேன்.

“வந்துட்டியா? இடியப்பம் கொண்டாந்தியா?”

பிசைந்து ஊட்டினேன். மெதுவாகத் தின்றார். வாழ்நாளெல்லாம் ரயிலில் வேலை பார்த்தவர், தூரத்துச் சத்தத்திலேயே வண்டியைச் சொல்லிவிடுவார்.

“உன் வண்டி போகுதுடா.”

“போகட்டும்ப்பா.”

அன்று சாயங்காலம் கண்டியில், ஓய்வு நாளென்றும் பாராமல் நான் நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்த ஜெபக்கூட்டம் நான் இல்லாமலே நடந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அடுத்த வாரம் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிப் போனேன். அக்கா வீட்டு வாசலில் மனைவி கையை நீட்டினாள். கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பிள்ளைகள் எனக்கு முன்னே ஓடிக் கட்டிலில் ஏறிவிட்டார்கள். அப்படி நான்கு திங்கட்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்தன.

அப்பாவின் அடக்க ஆராதனையை நானே நடத்துவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பக்கத்து ஊர் ஐயரிடம் கொடுத்தேன். அவர் “இந்தப் பெரியவர்” என்று ஜெபிக்கத் தொடங்கியபோது, நான் கழுத்துப்பட்டை இல்லாமல், என் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, “அப்பா” என்று வாய்விட்டு அழுதேன்.