நாற்பது ஏக்கர் மாந்தோப்பு

என் தாத்தாவுக்கு நாற்பது ஏக்கர் மாந்தோப்பு இருந்ததாக நம்புகிற மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். உயிரோடு இருந்தால் இப்போது எண்பதை நெருங்கியிருப்பார். அவரை அப்படி நம்பவைத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு.

அவர் பெயர் பேட்ரிக். ஓசூரில் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தபோது, அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவதற்காகக் கூடவே வந்தவர். மெஷின் ஷாப்பில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் பேட்டரி சார் ஆகிவிட்டார். அவரும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அந்த மெஷினை ஓட்ட அப்பாவைப் போட்டிருந்தார்கள். ஆறு வாரம் இரண்டு பேரும் ஒன்றாக நின்று வேலை செய்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அப்பா டிராயிங் பார்த்து வேலை செய்கிறவர். பேட்டரி சாருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பென்சிலை எடுத்து வரைவார், அப்பா தலையாட்டுவார். அப்பா வரைந்தால் அவர் தலையாட்டுவார். இப்படியே ஒரு மெஷினை ஓடவைத்து, சிநேகிதர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக முடிவாயிற்று. யார் கூப்பிட்டார், யார் ஒப்புக்கொண்டார் என்பது தெரியாது. அப்பா ஒரு வீட்டையும் ஒரு தட்டையும் வரைந்திருக்கக்கூடும்.

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு எங்களுடையது. ஒரே வரிசையில் ஆறு வீடு, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பாவுக்குக் களி கிண்ட வேண்டும் என்று ஆசை.

"டெய்லி என் டிபன் பாக்ஸத் தொறந்து பாத்து இது என்னான்னு கேக்கறாரு. அதையே போடலாம்" என்றார்.

"வூட்டுக்கு வர்ற மனுசனுக்குக் களியப் போட்டு அனுப்பறதா? நாலு பேரு சிரிக்கவா? சும்மா இருய்யா நீ" என்றாள் அம்மா.

நான் அம்மா பக்கம். சப்பாத்தி, கோழிக் குழம்பு, வெள்ளைச் சோறு என்று முடிவானது. மாடியில் இருந்த ஓனரம்மாவிடம் இரண்டு நாற்காலி வாங்கி வந்தேன். எங்கள் துணிமணி தொங்கிய கொடியை அவிழ்த்தேன். அந்த வரிசையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டியது என் வேலை. ஆறு வாரம் பென்சிலால் நடந்ததை நான் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடப்போகிறேன் என்கிற எண்ணம் எனக்கு.

பேட்டரி சார் வந்தார். நாற்காலி இருக்க, அப்பா தரையில் உட்கார்ந்ததைப் பார்த்துத் தானும் தரையில் உட்கார்ந்தார். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிந்தும் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தவர், பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பாயில் விரித்தார். அவருடைய வம்சத்தைக் கிளைகிளையாக எழுதிய காகிதம். மேலே ஒரு கிழவரின் படம். எங்கே போனாலும் அதை எடுத்துப் போவாராம்.

படத்தில் இருந்தவர் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன். அயர்லாந்து என்கிற தேசத்தில் பிறந்தவர். அங்கே ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. ஒரு வருஷம் கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது, அடுத்த வருஷமும் அப்படியே. குத்தகை கட்ட முடியாதவர்களின் வீட்டுக் கூரையை நிலக்காரரின் ஆட்கள் பிடுங்கிப் போட்டார்கள். பேட்டரி சார் நிதானமாகப் பேசினார். எனக்குப் புரியாத இடத்தில் பென்சிலால் வரைந்தார், கூரையில்லாத வீட்டை, பாயில்லாமல் கிடந்த இரண்டு சின்ன உருவங்களை. அந்தக் கிழவரின் தங்கைகளாம். சாலையோரத்தில் செத்தார்கள். வாயெல்லாம் பச்சையாக இருந்ததாம், புல்லைத் தின்றதால்.

நான் ஒரு வார்த்தை விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா நம்ப முடியாமல் அவரையே பார்த்தார். "வெள்ளக்காரங்களா? அவுங்க கூடவா பட்டினி கெடந்தாங்க?" என்றார்.

பேட்டரி சார் தொடர்ந்தார். மிச்சமிருந்தவர்கள் கப்பலேறினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கடலில். தாயார் நடுவழியில் இறந்துபோக, உடலைத் தண்ணீரில் இறக்கினார்கள். அமெரிக்காவில் இறங்கியபின் கால்வாய் வெட்டும் வேலை. இவர்களுக்கு யாரும் வீடு தர மாட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் இந்த ஜனம் வர வேண்டாம் என்று பலகை எழுதி வைத்தவர்களும் உண்டாம். பதினைந்து வருஷம் மண்வெட்டி பிடித்த பிறகுதான் படத்தில் இருந்தவருக்கென்று கொஞ்சம் நிலம் கிடைத்தது. எல்லாம் கல். பொறுக்கிய கல்லையே சுவராக அடுக்கினார், அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. நிலத்தின் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். காகிதத்தின் மூலையில் அந்தக் குறியின் நகல் இருந்தது. பேட்டரி சார் அதைத் தொட்டுக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு விளங்கவே இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாததை மறைத்துவைக்கும் விஷயமாகத்தான் பள்ளிக்கூடத்தில் நான் கற்றிருந்தேன்.

அப்பா அந்தக் குறியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், அவரையே பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பாரும் கைநாட்டுதான் சார். ஊரு கல்லாவிப் பக்கம். பண்ணையில ஆளா இருந்தாரு. எனக்கு ஏழு வயசுலயே அதே வூட்டுல மாடு மேய்க்க வுட்டுட்டாங்க. வருசத்துக்கு இவ்ளோ கேழ்வரகுன்னு பேச்சு. தண்ணி கேட்டா மேல இருந்து ஊத்துவாங்க, கையேந்திக் குடிக்கணும். ஒரு வருசம் மழையே இல்ல. புளியாங்கொட்டைய வறுத்துத் தின்னுகினு இருந்தோம்."

உள்ளே பாத்திரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சத்தம் நின்றது.

"எனக்கும் ஒரு தங்கச்சி இருந்துச்சி சார். அது அந்த வருசம் போயிடுச்சி. அப்பொறந்தான் எங்கப்பாரு இருக்கற மூணு பேரையும் கூட்டிகினு லாரி ஏறி ஓசூரு வந்தாரு. இங்க அப்பதான் கம்பெனிங்க கட்டிகினு இருந்தாங்க. கல்லு ஒடச்சாரு, மண்ணு வெட்டுனாரு. எங்களுக்கும் யாரும் வூடு தரல, சாக்குல கொட்டாய் போட்டுகினு இருந்தோம். இப்ப நாம ரெண்டு பேரும் நிக்கறோமே, அந்த ஷெட்டுக்கு அஸ்திவாரம் நோண்டுனதுல எங்கப்பாரும் ஒருத்தரு." என்னைப் பார்த்தார். "சொல்லும்மா."

எனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அந்த நிமிஷமே அவளை விட்டுவிட்டேன்.

ஏன் என்று பிற்பாடு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இதெல்லாம் தமிழில் இருக்கும்வரை எங்கள் வீட்டுக்குள் இருக்கும் என்று நினைத்தேன். இங்கிலீஷில் சொல்லிவிட்டால் வெளியே வந்துவிடும், என் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிடும். இங்கிலீஷ் ஒன்றில்தான் நான் யாருக்கும் குறைந்தவளாக இல்லை. அங்கே கொண்டுபோய் மேலிருந்து ஊற்றிய தண்ணீரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. எதிரில் இருந்தவர் சற்று முன்புதான் தன் வீட்டுப் பிள்ளைகள் புல் தின்றதைச் சொல்லியிருந்தார் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. அவர் வெள்ளைக்காரர், அவர் எதையும் சொல்லலாம்.

"என் தாத்தா ஒரு விவசாயி. அவருக்கு ஃபார்ட்டி ஏக்கர்ஸ் இருந்தது" என்று நல்ல உச்சரிப்பில் சொன்னேன். "அப்புறம் வியாபாரத்துக்காக ஓசூருக்கு வந்தார். கம்பெனி கட்ட உதவி செய்தார்."

பேட்டரி சார் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்பது போல் அப்பாவைப் பார்த்தார். பிறகு, அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று கேட்டார்.

நான் அப்பாவிடம், "உனக்கு எத்தன வயசுன்னு கேக்கறாருப்பா" என்றேன்.

"நாப்பத்தி மூணு" என்றார் அப்பா.

"மேங்கோ" என்றேன் நான்.

பேட்டரி சார் சிரித்தார். பெருந்தன்மையான சிரிப்புதான். "அப்படியானால் என் முன்னோர்கள் உங்கள் தாத்தாவிடம்தான் குத்தகைக்கு இருந்திருப்பார்கள்" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை மடித்தார். பாதி மடித்தவர், என்ன நினைத்தாரோ, அதை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். தன்னிடம் வேறு நகல் இருப்பதாகச் சொன்னார்.

"என்னா சொல்றாரு?" என்றார் அப்பா.

"நம்ம கதை ரொம்ப நல்லா இருக்குதாம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. டிராயிங்கில் ஓர் அளவு பொருந்தாதபோது பார்க்கிற பார்வை அது என்று இப்போது தோன்றுகிறது. "சரி. வெயிலு ஏறுது, அவருக்கு மோரு குடு" என்று எழுந்துவிட்டார். பேட்டரி சார் கிளம்பும்வரை அதன்பிறகு அப்பா எதுவும் சொல்லவில்லை. தெருமுனைவரை போய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தார்.

அப்பா ரிட்டயர் ஆன அன்று கம்பெனி கேன்டீனில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன், லீவு போட்டுவிட்டு வந்தேன். அப்பாவோடு பல வருஷம் ஷிப்ட் பார்த்தவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்ம ஜமீனப் பத்திச் சொல்லணும்னா" என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், அதென்ன ஜமீன் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? அந்தக் காலத்துல பேட்டரி சாருன்னு ஒருத்தரு வந்தாரு. போற அன்னிக்கி மேனேஜர் கையப் புடிச்சி, இவரு நாப்பது ஏக்கர் மாந்தோப்புக்காரரு, அப்பவும் பாரு, கையில கிரீஸோட நிக்கறாருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்கப்பாரு எங்கேர்ந்து வந்தவருன்னு எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கிப் புடிச்சி ஜமீன்தான். லேட்டா வந்தா ஜமீன் வந்துட்டாரு, லோன் கேட்டா ஜமீனுக்கு என்னா கொறைன்னு. மனுசன் ஒரு நாளும் கோச்சிக்கல."

பதினேழு வருஷம். ஒவ்வொரு ஷிப்டிலும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா எதிர் வரிசையில் மாலையோடு உட்கார்ந்து, யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. ஏக்கர் என்பது எந்த மொழி என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. மேங்கோ என்று கிருஷ்ணகிரி வழியெல்லாம் மாங்கூழ் கம்பெனிகள் போர்டு வைத்திருக்கின்றன. இரண்டு வார்த்தையும் காதில் விழுந்த பிறகுதான் அவர் பேச்சை நிறுத்தியிருக்கிறார். அங்கேயே எழுந்து போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வீட்டுக்கு வந்தாவது கேட்டிருக்கலாம். இன்றுவரை கேட்கவில்லை. இந்த வெட்கத்தை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. காரியம் நல்லபடியாக முடிந்ததாகவே இருந்தது. நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஓனரம்மா தெலுங்கும் தமிழுமாகக் கலந்து, துரை என்ன பேசினார் என்று கேட்டதற்கு, என் இங்கிலீஷைப் புகழ்ந்தார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மா குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படியில் அந்தக் காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா" என்றார். "பட்டினின்றதுக்கு இங்கிலீஷுல வார்த்த இருக்குதா?"

"ஏன் இல்லாம? நெறைய இருக்குதுப்பா. ஹங்கர்னா பசி. ரொம்ப நாள் கெடந்தா ஸ்டார்வேஷன். ஊரே கெடந்தா ஃபேமின்" என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். "தங்கச்சின்றதுக்கு?"

"யங்கர் சிஸ்டர். இது கூடத் தெரியாதாப்பா?"

"இருக்குதா. சரிம்மா" என்றார்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, அதை அம்மாவிடம் சொல்லச் சந்தோஷமாகக் குழாயடிக்கு ஓடினேன்.