தூளியில் ஏறிய எறும்பு

என் இரண்டாவது பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள், தூளித் துணியில் எறும்பு வரிசை கட்டிப் போவதைப் பார்த்தேன். அது பிள்ளையின் கழுத்து மடிப்பில் போய் முடிந்தது. அங்கே பிசுபிசுவென்று இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சர்க்கரைத் தண்ணி!

அது எழுபதுகளின் தொடக்கம். முதல் பிள்ளையை நாற்பது நாளில் வாந்தி பேதிக்குக் கொடுத்தவள் நான். இந்தப் பிரசவத்தின்போது அதைக் கேட்டுத்தான் திருவள்ளூர் ஆஸ்பத்திரி நர்சம்மா என்னைக் கடிந்துகொண்டே சொல்லி அனுப்பினார்: "தாய்ப்பாலத் தவிர பச்சத்தண்ணி கூட வாயில படக்கூடாது. புள்ள சப்பச் சப்பத்தான் பாலு ஊறும், தெரிஞ்சுதா?"

நான் பிள்ளையோடு வந்திருந்த அம்மா வீடு பழவேற்காட்டு ஏரிக்கரையில். குடிதண்ணீர் படகில் குடம் குடமாக வரும். இரண்டு நாளில் வாடை அடிக்கும். அந்தத் தண்ணீரையா என் பிள்ளைக்கு?

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமியார்தான். ஒன்பதாம் நாள், பால் ஊறட்டும் என்று பால்சுறாவோடு காட்டுப்பள்ளியிலிருந்து படகில் வந்து இறங்கியவர், தூளியை விட்டு நகரவில்லை. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் வந்தார். அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள் வாந்தி ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிள்ளையோ மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கினான். எனக்குப் பால் கட்டிக் கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. இப்படியே போனால் பால் வற்றிவிடும், இவனும் போய்விடுவான் என்று பயந்து செத்தேன். மாமியார் வைத்த சுறாப்புட்டை அவர் கண்ணெதிரே நாய்க்குப் போட்டேன். அவர் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். அந்தப் பணிவே என் சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது.

மறுநாள் காலை அம்மா இறால் கூடையோடு சந்தைக்குப் போனதும், குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று இடுக்கில் கண்ணை வைத்தேன். பிள்ளை சிணுங்கியது. மாமியார் வாசலை எட்டிப் பார்த்தார். மூடி வைத்திருந்த டம்ளரைத் திறந்தார். பக்கத்திலிருந்த, பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், பாய்ந்து உள்ளே போனேன்.

"மாட்னியா அத்தே! ஒரு புள்ளைய முழுங்குனது பத்தலையா உனக்கு?"

அவர் டம்ளரிலிருந்ததைப் பாலாடையில் கொஞ்சம் ஊற்றி நனைத்தார். மிச்சம் முழுவதையும் பின்வாசல் மணலில் கவிழ்த்தார். அங்கே மணல் ஏற்கெனவே எறும்பு மொய்த்துக் கறுத்திருந்தது.

"மூணு நாளா கொட்டிக்கினுதான் இருக்கேன்" என்றார். "உங்கம்மா கலக்கி வெச்சிட்டுப் போவுது. புள்ள அழுதா குடுன்னுது. பாலாட காஞ்சிருந்தா நான் குடுக்கலன்னு கண்டுபுடிச்சிரும். விடிகாலம் நீ கொல்லைக்குப் போவசொல்ல அதுவே குடுத்துடுது, அத நான் இன்னா பண்றது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சம்பந்தி ஊட்ல குந்திக்கினு சோறு துன்னுட்டு, அவங்க மேலயே கோள் சொல்லச் சொல்றியாமே?"

உச்சிவேளைக்கு அம்மா வந்தாள். கூடையை இறக்கக்கூட விடாமல் கேட்டேன்.

"உன் பாலு தண்ணியாட்டம் கீதுடி" என்றாள் அம்மா. "புள்ள வவுறு எப்டி ரொம்பும்? பெத்த மனசு கேக்கல."

"மொதப் புள்ளைக்கும் குடுத்தியா?"

அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. இறால் தண்ணி அவள் நெற்றியில் வழிந்தது.

"ஒரு நாளைக்கு ரெண்டே பாலாடதான்டி குடுத்தேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் போட்டார்.

"அத அப்பால கேளு. மொதல்ல மார்ல வையி."