யாருக்கும் சொல்லக்கூடாத ஓடிபி

அங்கன்வாடி வேலைக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட அன்னிக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். எங்க தெரு முனையிலயே இருக்கற அங்கன்வாடி. புள்ளைங்களையும் பாத்துக்கலாம், சம்பளமும் வரும், எனக்கு வேற இன்னா வேணும்? பிரவுசிங் சென்டர்காரர் சபரிமலைக்குப் போயி ஷட்டர் மூடிக் கெடந்துது. என் போன் வாளித் தண்ணில உழுந்து செத்துப் போச்சு. சரின்னு லைப்ரரிக்குப் போனேன்.

அங்க கம்ப்யூட்டர் இலவசம். ஆனா மெம்பர் நம்பர் அடிச்சு, மெம்பரோட போனுக்கு வர்ற ஓடிபியையும் அடிச்சாத்தான் தொறக்கும். எவனாவது திருட்டு வேலை பண்ணா ஆளைப் புடிக்கணுமாம். நியாயந்தான். நானும் அடிச்சேன். ஓடிபி ஜம்முனு போய்ச் சேர்ந்துது, எங்க வீட்டுக்காரர் போனுக்கு. ரேஷன், கேஸ், பேங்க், ஸ்கூல், எதுக்கா இருந்தாலும் எங்க ஊட்ல அவர் நம்பரைத்தான் குடுப்போம். என் பேர்ல வாங்குன லைப்ரரி கார்டுக்கும் அதையேதான் குடுத்திருந்தேன், அறிவுகெட்டவ.

அவர் கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில ஷிஃப்டுல இருந்தாரு. உள்ள போன் எடுத்துக்கினு போக உடமாட்டாங்க, கேட்லயே செக்யூரிட்டிகிட்ட குடுத்துடணும். லைப்ரரியம்மாவைக் கேட்டேன். "என் லாகின்ல உன்னை உட்டா எனக்கு மெமோ வரும்மா"ன்னாங்க. பாவம், தன் போனைக் குடுத்தாங்க. அதுலேருந்து அவர் நம்பருக்கு அடிச்சேன். செக்யூரிட்டி எடுத்தாரு.

"அண்ணே, அந்த போன்ல ஒரு ஓடிபி வந்துருக்கும். கொஞ்சம் படிச்சு சொல்லுங்கண்ணே."

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டுக்கீதும்மா."

"நான் அவர் சம்சாரம்ணே."

"அப்படித்தாம்மா எல்லாரும் சொல்றாங்க. இதுக்குன்னே எங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்க."

வச்சுட்டாரு. மறுபடி அடிச்சா எடுக்கல. அதுக்குள்ள அந்த ஓடிபிக்கு நேரம் முடிஞ்சு போயி, நான் திரும்பத் திரும்ப புது ஓடிபி கேட்டதுல கம்ப்யூட்டருக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு. நாளைக்கு முயற்சி பண்ணச் சொல்லி கார்டை லாக் பண்ணிடுச்சு.

நாளைக்கு வந்து இன்னாத்தைப் பண்றது? வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திட்டு ஊட்டுக்கு பஸ் ஏறுனேன்.

ஷிஃப்ட் முடிஞ்சு அவர் வந்தாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு.

"கேள்றீ, இன்னிக்கு எவளோ ஒருத்தி என் பொண்டாட்டின்னு சொல்லிக்கினு ஓடிபி கேட்டுருக்கா. நம்ம செக்யூரிட்டி அண்ணன் குடுக்கவே இல்லையாம். அவருக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்துட்டுத்தான் வரேன்."